நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பட்டறைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் பல்கலைக்கழகம் போனவர்கள், இரண்டு மூன்று மொழிகளில் எழுதுகிறவர்கள். உங்களுக்கு நான் புத்தி சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. மேடையில் ஏறிப் பேசச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என்னைக் கேட்டது துஷ்யந்தி. உங்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும், இந்தப் பட்டறையை நடத்துகிறவளே அவள்தான். அவள் கேட்டால் மறுக்க முடியாது. அவள் கேட்கிறாள் என்பதற்காகவே மறுக்க வேண்டும் போலவும் இருக்கும். அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

டென்மார்க்கில் தமிழில் எழுத வருகிறவருக்கு, புத்தக வேலை தேடுகிறவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டுமாம். நூலகத்தில் எழுதுகிறவர்கள் கூடும் வட்டம், மாலைநேரப் பள்ளியில் எழுத்து வகுப்பு, மொழிபெயர்ப்புக்கு உதவிப்பணம், பதிப்பகங்களில் பயிற்சி இடம் எல்லாம் இப்போது இருக்கின்றன. அவற்றின் விவரங்களைத் துஷ்யந்தி உங்களுக்குத் தருவாள். எனக்கு அந்த விவரங்களைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. நான் தொடங்கிய காலத்தில் இதில் பாதி இருக்கவில்லை, இருந்த பாதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதற்காக இன்னொரு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனக்குத் திறந்த கதவு ஒன்றே ஒன்று. அது கல்வெட்டு.

இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் சைவக்காரர் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கொஞ்சம் தேவாரம், கடைசியில் நன்றி நவிலல் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்போம். முதற் பக்கத்தில் திதி வெண்பா வரும். எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற நாலையும் நாலு வரிக்குள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் திவசம் கொடுப்பது அந்தத் திதியில். ஆகவே வேறு எந்தப் புத்தகத்தையும் குப்பையில் போடுகிற வீட்டிலும் கல்வெட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் சனத்தில் அதிகம் வாசிக்கப்படுகிற எழுத்தாளர் கல்வெட்டு எழுதுகிறவர்தான். அவருடைய பெயர் மட்டும் அதில் இருக்காது. நீங்கள் யாராவது அந்த வேலைக்குப் போனால், பின்னட்டையிலாவது பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டதில்லை.

வெண்பாவை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இக்காஸ்டில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், செத்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் கல்வெட்டுக்களைச் சேர்த்து வைத்தேன். அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சீர் பிடிக்கப் பழகினேன். மற்றப் பெண்கள் இடைவேளையில் சீட்டுக் காசு பற்றிக் கதைப்பார்கள். நான் சுவரைப் பார்த்து விரல் மடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு மூளை கொஞ்சம் தட்டிப்போய்விட்டது என்றுகூட ஒரு கதை இருந்தது.

தொழிற்சாலை மூடியதும் எல்லாரும்போல நானும் ஜொப்சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்லவள். என்ன வேலை செய்ய ஆசை என்று கேட்டாள். இருபது வருடத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. "எதுவும்" என்றேன். அவள் என் கோப்பைப் புரட்டி, தமிழில் தட்டச்சு தெரியும் என்று எங்கேயோ எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, ஒரு சின்ன அச்சகத்துக்குப் பிராக்டிக் அனுப்பினாள். பிராக்டிக் என்றால் பயிற்சி என்ற பெயரில் வேலை. சம்பளம் முதலாளி தருவதில்லை. பிடித்துப்போனால் பிறகு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விடலாம்.

முதலாளி ஹென்ரிக் டெனிஷ்காரர். தமிழர்களின் கலியாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலர், கல்வெட்டு எல்லாம் அவரிடம்தான் அச்சாகும். ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் அழகாக இருக்கிறதா இல்லையா என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். நான் போன சில மாதங்களில் அவருடைய தமிழ் வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. அங்கே சந்தோஷமாக இருந்தேன். அந்த வேலை எனக்கு நிரந்தரமாக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் துஷ்யந்தி வந்தாள்.

ஹோர்சன்ஸிலிருந்து ரயிலிலும் பிறகு சைக்கிளிலுமாக வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். சபையின் மாதப் பத்திரிகையை வீட்டிலிருந்தே எழுதி, ஒழுங்குபண்ணி, மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஜொப்சென்டர் வழியாகத்தான் வந்தாள். அதே கேள்வியை அவளிடமும் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பதிலை அவளே எனக்குச் சொன்னாள்.

"ரெடக்டர் எண்டு சொன்னனான் அக்கா. பதிப்பாசிரியர். அவ சிரிச்சா. நானும் சிரிச்சன். ஆனா எழுதிப்போட்டா."

அந்த நிமிடம் தொடங்கியது எனக்குப் பொறாமை. நான் "எதுவும்" என்ற இடத்தில் இவள் "ரெடக்டர்" என்றிருக்கிறாள். அப்படி ஒரு சொல்லை ஒரு அரசாங்க மேசைக்கு முன்னால் இருந்து சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாது. வந்த முதல்நாளே ஹென்ரிக்கிடம் போய், எனக்கு இந்த வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். காது கூசியது எனக்கு. வெட்கமில்லாதவள் என்று நினைத்தேன்.

மற்றப் பொறாமைகளையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய டெனிஷ் மொழி எனக்குப் பொறாமை. இயந்திரம் ஓட்டுகிற ஆண்களோடு நின்று கோப்பி குடிப்பது பொறாமை. பிழை விட்டால் சிரிப்பது பெரிய பொறாமை. பிழையும் நிறைய விடுவாள். ஒருநாள் அவளுடைய சபைப் பத்திரிகையைக் கையில் எடுத்துக் கேட்டேன்.

"துஷி, உம்மடை பேப்பரிலை பிழையில்லாத பக்கம் ஒண்டு காட்டும் பாப்பம்."

"பின்னட்டை அக்கா. அதிலை ஒண்டும் அடிக்கேல்லை."

அவளோடு கோபிக்கவும் முடியாது. என் வெண்பாக்களை வாய்விட்டு வாசிப்பாள். "உங்கடை வெண்பாவைக் கேட்டா செத்த ஆளே எழும்பி வந்து நன்றி சொல்லும் அக்கா" என்பாள். அது பாராட்டா பகிடியா என்று இரண்டு நாள் யோசிப்பேன்.

வசந்தகாலம் வந்ததும் ஹென்ரிக் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்க அவரால் முடியும். இருவரில் யார் என்பதை விடுமுறைக்கு முன்னால் சொல்வாராம்.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வசந்தம் அது. அந்த மாதங்களில் இங்கே எங்கள் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், சொல்ல மாட்டார்கள். பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்குப் போய்க் குளிரில் பதாகை பிடித்து நின்றார்கள். திரும்பி வந்து இரவு வேலைக்குப் போனார்கள். கலியாணங்களைத் தள்ளிவைத்தார்கள். திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தவர் மேளக் கச்சேரி, வாணவேடிக்கை என்ற வரிகளை வெட்டச் சொல்லிவிட்டு, பிறகு நோட்டீஸே வேண்டாம் என்றார். தமிழ் வேலை வற்றிக்கொண்டே போனது. ஒரு ஆளுக்காவது சம்பளம் மிஞ்சுமா என்று எனக்குப் பயம்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்ற செய்தி வந்தது. அதற்கு அடுத்த கிழமை யோகராசா அண்ணை வந்தார்.

கோல்டிங்கில் இருப்பவர். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முந்திய வருடம் அவருடைய மாமனாருக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த வெண்பாவை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டிய ஒரே ஆள் அவர். வேலை உடுப்போடு வந்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு கல்வெட்டு அடிக்கவேணும்."

"ஆருக்கு அண்ணை?"

"தம்பிக்கு."

அவருடைய தம்பி வன்னியில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் முன்பே எப்படியோ வெளியேறி முகாமுக்கு வந்துவிட்டார்கள். தம்பி பின்தங்கிவிட்டார். இப்போது முகாமிலிருந்து ஒரு பெடியன் தொலைபேசி எடுத்திருக்கிறான், தம்பி இல்லை என்று.

"எண்டைக்கு அண்ணை?" என்று கேட்டேன். கல்வெட்டுக்காரிக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

"அதுதான் தெரியேல்லை. கடைசி மூண்டு நாளுக்குள்ளை எண்டு சொல்லுறான்."

அப்போது துஷ்யந்தி தன் மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"அண்ணை, அந்தப் பெடியன் கண்ணாலை கண்டவனோ?"

"அவனுக்கு ஆரோ சொன்னவையாம்."

"அப்ப ஆர் கண்டது?"

யோகராசா அண்ணையின் முகம் மாறியது. "நீர் ஆர் பிள்ளை? நான் இஞ்சை விசாரணைக்கு வரேல்லை. என்ரை தம்பி, எனக்குத் தெரியாதோ? நான் மூத்தவன், நான் செய்யாமல் ஆர் செய்யிறது?" சத்தம் போட்டுச் சொன்னார். அடுத்த அறையில் இயந்திரத்தடியில் நின்ற ஹென்ரிக் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

துஷ்யந்தி திரும்பிப் போய்த் தன் மேசையில் இருந்தாள். அவளுடைய காது சிவந்திருந்தது. வாடிக்கையாளரைக் கோபப்படுத்திவிட்டாள், அதையும் முதலாளி பார்த்துவிட்டார். எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது.

நான் என் வேலையைச் செய்தேன். படத்தை வாங்கினேன். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதினேன். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடைசி மூன்று நாட்களும் தேய்பிறை. சத்தமி, அட்டமி, நவமி.

"அண்ணை, மூண்டு திதிக்கும் மூண்டு வெண்பா எழுதி வைக்கிறன். நீங்கள் ஐயரோடையும் கதைச்சுப்போட்டு ஒண்டை எடுங்கோ."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உமக்குத்தான் தங்கச்சி விளங்குது" என்றார். துஷ்யந்திக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னதுபோல இருந்தது. எனக்கு நன்றாக இருந்தது.

அந்த வெண்பாக்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தொழிலில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது. "விரோதி வருடத்து வைகாசித் திங்கள்" என்று முதலடி தானாக வந்து விழுந்தது. அந்தத் தமிழ் வருடத்தின் பெயர் விரோதி. சத்தமியும் அட்டமியும் ஒரே அளவான சொற்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் செய்யுளில் எதுவும் குலையாது. நவமி அப்படியல்ல. அதற்குப் பக்கத்துச் சீரை மாற்றி, அதனால் அடுத்த அடியை மாற்றி, கடைசியில் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதனால் நவமி வெண்பாதான் மூன்றிலும் சிறந்தது. ஊரே அழுதுகொண்டிருந்த கிழமையில் நான் சீர் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு அழுகைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் அழத் தெரியும்.

மூன்றையும் துஷ்யந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னெண்டு அக்கா உங்களாலை இப்பிடி முடியுது?" என்றாள். "எங்கடை சபையிலை திதி பாக்கிறேல்லை. எனக்கு உந்தக் கணக்கு ஒண்டும் தெரியாது. நான் இருந்து எழுதினாலும் வராது."

அந்தப் பின்னேரம் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று நம்புகிறேன். அந்த ஒரு பின்னேரத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை யோகராசா அண்ணை மனைவியோடு வந்தார். ராணி அக்கா வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்று வெண்பாவையும் மூன்று தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். தம்பியின் படத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். சனிக்கிழமை என்பதால் ஹென்ரிக் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எங்கள் அறை வாசலில் சாய்ந்து நின்று பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகாக வந்திருக்கிறது என்று எனக்குக் கண்ணாலே சொன்னார்.

யோகராசா அண்ணை மூன்றையும் வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு நவமியில் விரலை வைத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவிதை தெரிந்த மனிதர், நல்லதைத் தேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். வாய்விட்டும் கேட்டுவிட்டேன்.

"அதுதான் அண்ணை திறம். ஏன் அதை எடுத்தனீங்கள்?"

"அதுதானே கடைசி நாள்" என்றார். "கடைசி நாள் மட்டும் இருந்தவன் எண்டு இருக்கட்டும். ரெண்டு நாள் கூட."

நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சீர் எண்ணத் தெரிந்த வாய்க்கு ஒன்றும் வரவில்லை. வெண்பா நன்றாக இருக்கிறது என்று திரும்பவும் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

துஷ்யந்தி இருந்த இடத்திலிருந்தே, சத்தமில்லாமல், அவரிடம் ஏதோ அனுமதி கேட்பதுபோலச் சொன்னாள்.

"பிந்தின நாள்தான் நல்லமெண்டா, அண்ணை, இன்னும் கொஞ்சம் பிந்துவமே?"

யோகராசா அண்ணை அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குப்போலக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் நவமியில் இருந்தது. மெதுவாக எடுத்தார். எடுத்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வாசலடியிலிருந்து ராணி அக்கா சொன்னார். "நானும் இதைத்தானே போன் வந்த நாள் தொடக்கம் சொல்லுறன். இந்த மனுசன் என்ரை சொல்லை என்னத்துக்குக் கேட்டது?"

"நீ எங்கை சொன்னனீ?" என்றார் அவர். "நீ என்னை ஏசினனீ."

"ஏசினாத்தான் உங்களுக்குக் கேக்கும் எண்டு ஏசினன்."

அவர் சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். ராணி அக்கா எழுந்து வந்து மேசையிலிருந்த படத்தை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். வெண்பாக்களை எடுக்கவில்லை. அவர்களை வழியனுப்ப வாசல்வரை போனதும் துஷ்யந்திதான்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி உயிரோடு வந்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்றுவரை அவரைப் பற்றி நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. ஆகவே துஷ்யந்தி சொன்னது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில், அந்த மனிதருக்கு, அதைவிடச் சரியான வசனம் தமிழில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத்தான் நன்றாகத் தெரியும், நான் சொற்களை நிறுத்துப் பார்க்கிறவள்.

வேலை தேடி வருகிற பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல்நாள் அவள் கேட்டதும் இதே விஷயம்தான். இறந்தார் என்று உறுதியாகத் தெரியாதே, பொறுங்கள் என்பதுதான். அன்றைக்கு அதைத் தன்னுடைய கேள்வியாகக் கேட்டாள், அவருக்கு அடிபட்டது. இரண்டாம் முறை அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்து, ஒரு அங்குலம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். பிறகு அவள் பெரிய பெரிய எழுத்தாளர்களின் கைப்பிரதிகளைத் திருத்தும்போதும் இதைத்தான் செய்தாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதற்கு எந்த மாலை வகுப்பிலும் பாடம் இல்லை. எழுதியவர் சொல்லி முடிக்கும்வரை காதைத் திறந்து வைத்திருப்பதுதான் ஒரே பயிற்சி. நான் என் வெண்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் திதி தெரியாது, அவளுடைய சமயத்தில் அது இல்லை, அதனால் வெளியே நின்று பார்க்க முடிந்தது, அதனால்தான் அந்த வசனம் வந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். எனக்கும் திதி தெரியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனாம். பொய். திதி தெரியாமல் இருந்திருந்தால் நான் கோப்பி போடப் போயிருப்பேன்.

அவர்கள் போனபின் ஹென்ரிக் கேட்டார், நல்ல பக்கங்களை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று. துஷ்யந்தி அவருக்கு டெனிஷில் விளங்கப்படுத்தினாள். ஒரு வேலை கைவிட்டுப் போனதற்கு அவர் கோபிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு வெளியே போய்ச் சிகரெட் பிடித்தார்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யோகராசா அண்ணை திரும்ப வந்தார், தம்பியின் படத்தோடுதான். கல்வெட்டு வேண்டாம், தம்பி எப்படிப்பட்டவன், கடைசியாக எங்கே காணப்பட்டான், அடையாளம் என்ன என்று தமிழிலும் டெனிஷிலும் எழுதித் தரமுடியுமா என்று துஷ்யந்தியைக் கேட்டார். காணாமற்போனவர்களைத் தேடும் இடங்களுக்கு அனுப்ப வேண்டுமாம். அவள் எழுதினாள். கோல்டிங்கில் அதைக் கண்ட இன்னொரு குடும்பம் வந்தது. இக்காஸ்டிலிருந்து வந்தார்கள், ஹோர்சன்ஸிலிருந்து வந்தார்கள். சிலர் ஒரு தாளோடு நிறுத்தவில்லை, ஆளைப் பற்றி முழுவதும் எழுதச் சொன்னார்கள். என்ன சாப்பாடு பிடிக்கும், யாரோடு கோபம், எந்தச் சைக்கிள் வைத்திருந்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். துஷ்யந்தி ஒரு இடத்திலும் "இருந்தான்" என்று முடிக்க மாட்டாள், "இருக்கிறான்" என்றுதான் எழுதுவாள். மெய்ப்புப் பார்த்தது நான். நான் திருத்துவதற்கு அவள் எப்போதும் நிறைய மிச்சம் வைத்திருந்தாள், ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பேனாவை வைக்கவில்லை.

அந்த எழுத்துக்களிலிருந்துதான் பிறகு அவளுடைய முதல் புத்தகம் வந்தது. அதிலிருந்துதான் ஒரு டெனிஷ் பதிப்பகம் அவளைக் கூப்பிட்டது. இப்போது நீங்கள் அவள் கையால் சான்றிதழ் வாங்குகிறீர்கள். நான் வேறு வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்தினேன், கல்வெட்டும் எழுதினேன். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவள் புத்தகத்தை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல்முறை பிழை தேடி வாசித்தேன். இரண்டாம் முறையும் அப்படித்தான் தொடங்கினேன், நடுவில் மறந்துவிட்டேன். அதற்கும் எனக்குக் கோபம்.

பொறாமை கெட்டது, அதை விடுங்கள் என்று உங்களுக்கு மற்றவர்கள் சொல்வார்கள். நான் விட்டதில்லை. யாரைப் பார்த்து உங்களுக்கு எரிகிறதோ, அவர் செய்கிற வேலையில் எந்த இடம் எரிகிறது என்று பாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஜொப்சென்டர்க்காரியைவிட அது சரியாகச் சொல்லும். நான் அவளுடைய டெனிஷைப் பார்த்து எரிந்ததாக நினைத்தேன், சைக்கிளைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து எரிந்ததாக நினைத்தேன். உண்மையில் அவள் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டதைப் பார்த்துத்தான் எரிந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஹென்ரிக் வேண்டியிருந்தது.

கோடை விடுமுறைக்கு முந்திய திங்கட்கிழமை, துஷ்யந்தி சாப்பிட வெளியே போயிருந்தபோது அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு கோப்பை கோப்பி ஊற்றி வைத்திருந்தார். அவளை வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன் என்றார். காரணமும் சொன்னார், எல்லாம் நியாயமான காரணங்கள். என் வேலை சுத்தமானது என்றார், பக்கங்களை நான் அமைப்பதுபோல யாரும் அமைப்பதில்லை என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எழும்பும்போது, வாழ்க்கையில் ஒருமுறையாவது சொல்லிப் பார்ப்போம் என்று, எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்.

"எனக்கு இந்த வேலை மிகவும் விருப்பமாக இருந்தது."

ஹென்ரிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"நீ ஒருநாளும் சொல்லவில்லையே" என்றார். "ஜொப்சென்டர் அனுப்பியதால் வருகிறாய் என்றல்லவா நான் நினைத்தேன்."

பிறகு ஏதாவது செய்யமுடியுமா என்று பார்க்கட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். துஷ்யந்தி திரும்பி வந்தபோது, வேலை அவளுக்குத்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய தலைமயிரில் மழை ஈரம் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஜொப்சென்டருக்குப் போனேன். ஹேர்னிங்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.